ஆன் ஏபேர் படைத்த போதகர்

கனடாவின் கியூபெக் மாநிலக் கவிஞரும் நாவலாசிரியரும் நாடகாசிரியருமான ஆன் ஏபேர் (1916–2000) கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவர். ஆயினும் 1982இல் ஃபெமினா பரிசு பெற்ற அவரது 'லே ஃபூ த பசான்' நாவலில் முதற்கண் பேசுபவர் புராட்டஸ்டண்ட் போதகரான நிக்கோலஸ் ஜோன்ஸ். 1936இல் கிரிஃபின் கிரீக் என்னும் கற்பனைச் சிற்றூரில் இரு இளம்பெண்கள் உறவினன் ஒருவனால் கொலையுண்டனர். அப்பெண்களை இச்சையோடு நோக்கியவர் இப்போதகர். அதனை அறிந்த அவர் மனைவி தற்கொலை செய்துகொண்டார். நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து அவர் எழுதுகையில் திருமறைச் சொற்கள் தடையின்றி வருகின்றன, மனந்திரும்புதல் வரவில்லை.

இதனை நம் சபைகள் மீது தொடுத்த தாக்குதல் எனத் தள்ளிவிடுதல் எளிது. நாம் அதற்கு உடன்படோம். 1950இல் வெளிவந்த 'லெ தொராங்' கதையில், முறைதவறிப் பெற்ற மகனைக் குருவாக்கித் தன் பாவத்தைக் கழுவ விழைகிறாள் ஒரு தாய். மறுத்தவனைச் சாவிக்கொத்தால் அடித்துச் செவிடாக்குகிறாள். அது கத்தோலிக்க இல்லம். இறைவன் பெயரால் பிறரை ஆளும் வெறியையே ஆசிரியர் ஈரிடத்தும் விசாரிக்கிறார்.

குறையும் உண்டு. 1953இல் வெளிவந்த 'அரசர்களின் கல்லறை' கவிதையில் குருட்டுப் பறவையும் விடியலை நோக்கித் திரும்புகிறது; போதகருக்கோ அத்திரும்புதல் அருளப்படவில்லை. நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. பிரசங்கக்கலை பயில்வோர் ஜோன்ஸின் பகுதியையேனும் வாசித்தல் நலம்.