பரிபாடல் 11ஆம் பாட்டின் கோள்நிலை: ஒரு மறுபார்வை

பரிபாடலில் இன்று நமக்கு முழுதாகக் கிடைப்பவை 22 பாட்டுகள். பரிமேலழகர் உரையோடு 1918இல் அதை அச்சேற்றித் தந்தவர் உ.வே.சாமிநாதையர். அதில் 11ஆம் பாட்டு வையை ஆற்றைப் பற்றியது, பாடியவர் நல்லந்துவனார். மழை பொழிந்து ஆறு பெருகிய காலத்தில் வானத்துக் கோள்கள் எங்கெங்கே நின்றன என்று சொல்லித்தான் புலவர் பாட்டைத் தொடங்குகிறார். சங்க நூல்களில் இவ்வளவு விரிவான கோள்நிலைக் குறிப்பு வேறு எதிலும் என் கண்ணில் பட்டதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நம் சங்கக் கூட்டம் ஒன்றில் இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு அடியேன் பேசினேன். "ஆறு கோள்கள் தத்தம் ஆட்சி வீட்டில் நின்ற அபூர்வ நாள் இது" என்று முழங்கினேன், நல்ல கைதட்டல். கூட்டம் முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வந்து, "ஐயா, சூரியனை விட்டு புதன் அவ்வளவு தூரம் போகுமா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். கடைக்காரனுக்கு வரவு செலவு நேராகவில்லை என்றால் ராத்தூக்கம் வராது. அந்தக் கணக்கைத்தான் இங்கே நேர் செய்யப் பார்க்கிறேன்.

முதலில் பாட்டில் உள்ளதைப் பார்ப்போம். வெள்ளி ஏற்றில், அதாவது ரிஷபத்தில். செவ்வாய் வருடையில், அதாவது மேஷத்தில். புதன் மிதுனத்தில். வியாழன் சனியின் இரண்டு வீடுகளுக்கும் அப்பால், அதாவது மீனத்தில். சனி வில்லுக்கு அடுத்த மகரத்தில். விடியலில் கார்த்திகை உயர்ந்து நிற்கிறது. மதியைப் பாம்பு மறைக்கிறது, அதாவது சந்திர கிரகணம். ஐந்து கோள்களும் ஆட்சி வீட்டில் இருக்கின்றன. சூரியன் எந்த ராசியில் நின்றது என்று புலவர் வாய் திறக்கவே இல்லை. இது முக்கியம்.

சூரியனைச் சிங்கத்தில் வைத்தவர் உரையாசிரியர். விடியலில் கார்த்திகை உச்சியில் நின்றால் கீழ்வானில் சிங்கம் உதயமாகும். ஆகவே சூரியன் அங்கே, மாதம் ஆவணி. இந்த வாதம் கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. சூரியனுக்கும் ஆட்சி வீடு கிடைத்துவிடுகிறது. ஆனால் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

பூமியிலிருந்து பார்க்கும்போது புதன் சூரியனை விட்டு அதிகமாக விலகினால் சுமார் 28 பாகை. வெள்ளி சுமார் 47 பாகை. சிங்கம் தொடங்குவது 120ஆம் பாகையில். மிதுனம் முடிவது 90இல், ரிஷபம் முடிவது 60இல். எப்படி இழுத்துப் பிடித்தாலும் புதனுக்கு 30 பாகை, வெள்ளிக்கு 60 பாகை இடைவெளி விழுகிறது. ஆக இப்படி ஒரு நாள் முன்பும் வந்ததில்லை, இனியும் வராது. இதை அபூர்வம் என்று சொல்வது தப்பு, அசம்பவம் என்றே சொல்ல வேண்டும். பரிமேலழகர் பேரறிஞர் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் பேரறிஞர் போட்ட கூட்டலையும் ஒருமுறை சரிபார்க்கத்தானே வேண்டும்?

அப்படியானால் பாட்டே பொய்யா? இல்லை. சூரியனை மிதுனத்தில் வைத்துப் பாருங்கள், எல்லாம் பொருந்தி வரும். கார்த்திகை உச்சியைத் தொடாது. ஆனால் கீழ்வானில் நன்றாகவே உயர்ந்து நிற்கும். பாட்டும் அவ்வளவுதானே சொல்கிறது!

ஐந்து கோள்களும் அப்படி நிற்குமா என்றால், நிற்கும். சனி மகரத்திலும் வியாழன் மீனத்திலும் சேர்ந்து நிற்பதே ஏறக்குறைய 60 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிற காரியம். 1963இல் நின்றன, பிறகு 2022இல் நின்றன. திருக்கணிதப்படி 2022 ஜூலை 12 அன்று சனி வக்கிரமாக மகரத்துக்குத் திரும்பியது. அன்று வியாழன் மீனம், செவ்வாய் மேஷம், வெள்ளி ரிஷபம், புதன் மிதுனம், சூரியனும் மிதுனம். அப்படியே பரிபாடல் வானம்! மறுநாளே வெள்ளி மிதுனத்துக்குப் போய்விட்டது. அந்தப் பௌர்ணமியில் கிரகணமும் இல்லை. பஞ்சாங்கத்தில் இதைக் கண்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது உண்மை. கூடவே ஒரு பயமும் வந்தது. வானம் திரும்பத் திரும்ப ஏறக்குறைய இதே கோலம் போடுமானால், இதை மட்டும் வைத்துக் காலத்தை அறுதியிடுவது எப்படி?

எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கணக்கிட்டு கி.பி. 634 ஜூன் 17 என்று நாள் குறித்தார். ஜூன் என்பதால் அவர் கணக்கிலும் சூரியன் சிங்கத்தில் இல்லை. ஆனால் அவர் முடிவைச் சங்க காலத்தை முன்னே தள்ளுவோர் ஏற்பதில்லை. பிடிக்காத தேதி என்பதற்காகத் தள்ளிவிட்டு, பிடித்த தேதிக்கு ஏற்றபடி ராசிகளை நகர்த்துவதும் நேர்மை ஆகாது. மிதுனம், மகரம் என்று பன்னிரு ராசிக் கணக்கு பாட்டிலேயே இருக்கிறது. அம்முறை யவனர் வழியாகக் கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டுகளில் இந்தியாவுக்கு வந்தது என்பது ஆய்வாளர் பலரின் கொள்கை. பாட்டு மிகப் பழையது என்போர் இதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

புலவர் கண்ணால் கண்ட வானத்தைப் பாடினாரா, அல்லது நல்ல மழைக்கு உரிய மங்கல வானம் ஒன்றை மனத்தில் அமைத்துக்கொண்டாரா? இரண்டுக்கும் இடம் உண்டு. எல்லாக் கோளையும் சொந்த வீட்டில் உட்கார வைக்கும் ஒழுங்கைப் பார்த்தால், இரண்டாவது பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் சாதிக்க மாட்டேன். ஒன்றைப் பல கோணத்தில் பார் என்பதுதான் எங்கள் அநேகாந்தம் கற்றுக்கொடுத்த பாடம்.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மிடம், "உங்கள் மொழி எவ்வளவு பழமை?" என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். நாமும் பெருமையாக ஆண்டுகளை அள்ளி வீசுகிறோம். அதில் ஒரு கணக்கு பொய் என்று தெரிந்தால், மெய்யான பெருமையையும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள். அன்று கேள்வி கேட்ட பெண் இன்று எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை. அவளுக்கு என் பதில் இதுதான்: போகாது அம்மா, நீ கேட்டது சரி.