வைப்பும் உடைமையும்: பல்கலைக்கழகக் களஞ்சியங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழக ஆசிரியரொருவர் தாம் வெளியிட்ட கட்டுரையின் படியொன்றைத் தமது நிறுவனத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் வைப்பிலிடுவது, சில்லறை அலுவலகக் கடமைகளுள் ஒன்றாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. நூலகர் கேட்கின்றார், ஆசிரியர் தருகின்றார், அல்லது தராமலே காலங்கடத்துகின்றார். ஆயின், இச்சிறு செயலின் பின்னே நிற்பது அறிவின் உடைமை பற்றிய வினாவாகும்.

ஆய்வுச் சஞ்சிகைகளின் உற்பத்தி முறையை நோக்குமிடத்து இது தெளிவாகும். கட்டுரையை எழுதுபவர் பெரும்பாலும் பொதுப்பணத்தில் ஊதியம் பெறுபவர். அதனை மதிப்பிடும் சக ஆய்வாளர் ஊதியமின்றியே அப்பணியைச் செய்கின்றார். எனினும் பதிப்புரிமை பதிப்பகத்தைச் சென்றடைகின்றது; பல்கலைக்கழகம் தன் ஆசிரியரின் உழைப்பையே சந்தா செலுத்தி மீள வாங்குகின்றது. சில பெரும் பதிப்பகங்களின் சஞ்சிகைகளுக்கு மட்டும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 37.5 இலட்சம் டொலர் செலவாவதாகவும், இந்நிலை நீடிக்க இயலாதெனவும் 2012இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் நூலக ஆலோசனைக் குழு தன் ஆசிரியர்களுக்கு அறிவித்தது. செல்வம் மிக்க பல்கலைக்கழகத்தின் கூற்றே இதுவெனின், ஏனையவற்றின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2002ஆம் ஆண்டின் புடாபெஸ்ற் பிரகடனம் இதற்கு இரு மார்க்கங்களைக் காட்டிற்று. திறந்த சஞ்சிகைகளை நிறுவுதல் ஒன்று. ஆசிரியரே தம் படைப்பைக் களஞ்சியத்தில் வைப்பிலிடுதல் மற்றையது. முன்னையது, எழுதுபவரிடமே கட்டணம் அறவிடும் வாணிபமாகப் பெருமளவு திரிந்துவிட்டது. பின்னையதில் எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் பணம் கேட்பாரில்லை. எம்போன்றோரின் கவனத்துக்குரியது அதுவே.

இத்துறையில் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் பெற்ற அனுபவம் ஊன்றி நோக்கத்தக்கது. 2008இல் அங்கு ‘ஓர்பி’ என்னும் களஞ்சியம் தொடக்கப்பட்டபோது, துணைவேந்தர் நிலையிலிருந்த பெர்னார் ராந்தியே வேண்டுகோள்களை நம்பியிருக்கவில்லை. பதவியுயர்வுக்கான மதிப்பீட்டில் களஞ்சியத்தில் உள்ள ஆக்கங்களே கருத்திற் கொள்ளப்படும் என்பது விதியாயிற்று. பதிப்பகம் தடை விதித்த கட்டுரையையும் உடனடியாக வைப்பிலிடல் வேண்டும். அதனைத் திறந்துவிடுவது மட்டுமே தடைக்காலம் முடியும்வரை தாமதிக்கலாம். வைப்பையும் திறப்பையும் இவ்வாறு பிரித்தமையே அக்கொள்கையின் வலு எனலாம். 2018இல் பெல்ஜியச் சட்டமும், பொதுநிதியாற் பெரும்பகுதி ஆதரிக்கப்பட்ட கட்டுரைகளை, விஞ்ஞானத் துறைகளில் 6 மாதங்களின் பின்னரும் மானிடவியற் றுறைகளில் 12 மாதங்களின் பின்னரும் திறந்துவிடும் உரிமையை ஆசிரியருக்கு வழங்கிற்று. ஒப்பந்தம் எதுவாயினும் இவ்வுரிமையைப் பறித்தல் இயலாது. ஆயினும் லியேஜ் முறையை அப்படியே போற்றுவதற்கு யான் தயங்குகின்றேன். அறிவைப் பொதுவாக்கும் கருவி, பதவியுயர்வுக் கணக்கேடாகவும் மாறுகின்றது. எண்ணிக்கையின் ஆட்சிக்கு அது துணைபோகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எமது நிலை வேறு. யாழ்ப்பாணம், பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களுக்குக் களஞ்சியங்கள் உண்டு. தமிழ்க் கட்டுரையாளரைத் தடுப்பது பன்னாட்டுப் பதிப்பகமன்று. சங்க மலர்களிலும் துறைசார் இதழ்களிலும் எழுதியோருட் பலர் எவ்வித ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆசிரியரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் வரை உரிமை தொடர்வதால், மறைந்த அறிஞரின் கட்டுரைக்கு யாரிடம் அனுமதி பெறுவது என்பதே சிக்கலாகின்றது. உயிருடனிருப்போர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அச்சிக்கல் அடுத்த தலைமுறைக்கு எழாது.

அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. இலங்கையில் நீண்ட காலமாகக் கட்டுரைகள் ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டன. அவ்வாறான கோப்பு திரையிலே தமிழாகத் தோன்றினும், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக்களின் பொருளற்ற கோவையே. ஒருங்குறிக்கு மாற்றாது வைப்பிலிட்ட கட்டுரையை எத்தேடற் பொறியும் தமிழ்ச் சொல்லாற் கண்டுபிடியாது. வெறும் படமாக வருடப்பட்ட பழைய இதழின் கதியும் அதுவே. யானறிந்த களஞ்சியம் ஒன்றில் தமிழ்க் கட்டுரையின் தலைப்பு உரோம எழுத்திலேயே பதியப்பட்டிருந்தது. ஒரே ஆசிரியரின் பெயர் மூன்று வகையான எழுத்துக்கூட்டலுடன் மூன்று ஆசிரியராகிக் கிடந்தது. இதனை ‘திறந்த அணுக்கம்’ என அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தழிந்தமையை அறிந்த சமூகம் எம்முடையது. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் ஒற்றைப் படியின் ஆபத்தை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் 2005 முதல் அப்பணியைப் பெருமளவில் ஏற்று நடத்தியது பல்கலைக்கழகமன்று; தன்னார்வலர் தொடங்கிய நூலகம் எண்ணிமத் திட்டமே. ‘சிந்தனை’, ‘இளங்கதிர்’ போன்ற எமது சொந்த இதழ்களின் பழைய பிரதிகளைத் தேடும் மாணவன் முதலில் நாடுவதும் அதனையே. பொதுப்பணத்திற் பேணப்படும் நிறுவனங்கள் இதற்கு என்ன விடை வைத்துள்ளன என்பதை, அடுத்த பதவியுயர்வு விண்ணப்பத்துக்குத் தம் கட்டுரைகளைத் தேடி எடுக்கும் வேளையிலாயினும் ஆசிரியர்கள் தத்தம் பேரவைகளில் எழுப்புதல் வேண்டும்.