கேட்டு வாசிக்கும் வில்

சேலம்–ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர்கள் டவுனுக்குப் போக வர அதைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள். டி.ஆர். சுந்தரம் முப்பதுகளில் தொடங்கிய அந்த ஸ்டூடியோவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’க்கு இசை ஜி. ராமநாதன். அந்தக் காலத்தில் பாட்டில் வயலின் ஒலிக்க வேண்டுமென்றால் வயலின்காரர் வந்து உட்கார்ந்து வாசித்தாக வேண்டும். இன்று அதே வட்டாரத்தில் ஆடி மாத மாரியம்மன் பண்டிகைக்கு மேடை ஏறும் மெல்லிசைக் குழுவில், ‘ஸ்டிரிங்ஸ்’ என்பது கீபோர்டில் இருக்கும் ஒரு பொத்தான்.

தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவர்கள் தமிழில் பெருகிவரும் காலம் இது. கிதார் ஒன்றோடு தொடங்கும் அவர்கள், கொஞ்சம் கேட்பவர்கள் சேர்ந்ததும் வயலின், செல்லோ என்று நரம்புக் கருவிக்காரர்களையும் மேடைக்கு அழைக்க ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் பாட்டை மறுபடி மறுபடி மாற்றிப் பாடும் சுதந்திரம்தான் எழுதிப் பாடுபவரின் முதல் சொத்து. எத்தனை நரம்புகள் சேர்ந்தால் அது மிஞ்சும், எத்தனை சேர்ந்தால் போய்விடும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

ஒரே ஒரு வயலின் என்றால் நம்மிடம் இருநூறு வருட அனுபவம் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டை பேண்டு வாத்தியக்காரர் ஒருவரிடம் ஐரோப்பிய முறையில் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். கருவியைத் தோளில் தாங்கி நின்று வாசித்தவர்கள் மேற்கத்தியர். நம்மவர்கள் தரையில் சம்மணமிட்டு, அதன் தலையைக் காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றிச் சுருதி சேர்த்தார்கள். விரல் தடையில்லாமல் வழுக்க வேண்டும், குரல் போகிற இடத்துக்கெல்லாம் போக வேண்டும் என்பதற்காக நடந்த மாற்றம் இது. பாடுகிறவர் ஒரு வரியை மூன்று விதமாகப் பாடினால் வயலினும் மூன்று விதமாகப் பின்தொடரும். கையில் எழுதிய தாள் இல்லை, காது மட்டுமே இருக்கிறது.

இதன் பலனை நாமக்கல் மண்ணோடு சேர்த்துப் பார்க்க ஒரு நல்ல சான்று உண்டு. நாமக்கல் எழுத்தாளர் பெருமாள்முருகன் ஐம்பூதங்களைப் பற்றியும் பனையைப் பற்றியும் எழுதிய கீர்த்தனைகளைக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா கச்சேரிகளில் பாடிவருகிறார். எழுதுகிறவர் வேறு, பாடுகிறவர் வேறு என்பதால் இது முழு உதாரணம் ஆகாது. ஆனாலும் கச்சேரி மேடைக்குப் பழக்கமில்லாத பொருள் புதிதாக வரும்போது பக்கவாத்தியம் என்ன செய்கிறது என்பதை இந்தக் கீர்த்தனைகளில் கேட்கலாம். பாடகர் ஒரு வரியை முடித்ததும் வயலின் அதையே சொல் இல்லாமல் திருப்பிச் சொல்கிறது. பனை என்ற சொல்லை இப்போதுதான் உள்வாங்கிய கேட்பவருக்கு, அந்த நொடியில் அதை மனத்தில் வைத்துப் பார்க்க இடம் கிடைக்கிறது. எனக்கு இது பெரிய கொடையாகவே படுகிறது.

குறையும் இங்கேதான் முளைக்கிறது. பின்தொடர்ந்தே பழகிய கை எந்த இடைவெளியையும் சும்மா விடுவதில்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடமான கிருதிக்கு இது பொருந்தும். புதுப் பாட்டில் சொல்லுக்குப் பிறகு மௌனம் வேண்டும், அதை நிரப்பிவிட்டால் அடுத்த வரி வரும்போது முந்தைய வரி காதில் இறங்கியிருக்காது.

பல வயலின்கள் சேரும்போது சிக்கல் வேறு வகை. எட்டுப் பேர் ஒன்றாக வில் இழுக்க வேண்டுமென்றால் எல்லோர் முன்னாலும் இசைக்குறிப்பு எழுதிய தாள் இருக்க வேண்டும். தாள் வந்ததும் பாட்டு உறைந்துவிடும். இன்று இந்த ஊர்க் கூட்டத்துக்காக ஒரு வரியை நீட்டிப் பாடலாம் என்று பாடுகிறவருக்குத் தோன்றினால் முடியாது, எட்டு வில்லும் அடுத்த தாளக்கட்டுக்குப் போயிருக்கும். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இன்னொரு தடை. தோடி ராகத்தின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். அதற்கடியில் செல்லோ ஒரு சுரத்தை அசையாமல் பிடித்தால் இரண்டும் உரசும். சங்கராபரணத்தில் அவ்வளவு உரசல் தெரியாது. இதனால்தான் நரம்பிசையோடு பாட விரும்பும் புதியவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அசைவு குறைந்த மெட்டுகளுக்கே போகிறார்கள். நாட்டார் பாட்டின் இழுப்பும் ஒப்பாரியின் குழைவும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இந்தப் பழக்கத்தின் ஆகப் பெரிய இழப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் இளையராஜா. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பில் மேற்கத்திய இசைமேதை பாக்கும் நம் தியாகராஜரும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தார்கள். வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் நின்று பேச, மற்றத் தந்திகள் பின்னால் தனித்தனி வழியில் நடந்தன. அதே நரசிம்மன் பிறகு மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட்டை அமைத்து, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற நால்வர் அமைப்பில் கீர்த்தனைகளைக் கொண்டுவந்தார். மெட்டின் அசைவு ஒரு கருவியிடம், இசைவு மற்றவற்றிடம் என்ற இந்த ஏற்பாட்டில் உரசல் பெருமளவு குறைகிறது.

2005இல் வந்த ‘திருவாசகம்’ இன்னும் பெரிய முயற்சி. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் மாணிக்கவாசகரின் பாடல்களை இளையராஜாவே பாடினார். தந்திகள் மெல்ல ஒலிக்கும் இடங்களில் அவருடைய கரகரத்த குரல் நம் பக்கத்தில் உட்கார்ந்து உருகுகிறது. முழு இசைக்குழுவும் எழும்போது அந்த உருக்கம் பிரமாண்டமாகிறது, அந்தரங்கம் குறைகிறது. எனக்கு முதலாவதுதான் மாணிக்கவாசகருக்கு நெருக்கம். ஒன்றை மறக்கக் கூடாது: ஒவ்வொரு கருவிக்கும் என்ன வேண்டும் என்று தாளில் எழுதத் தெரிந்தவர் அவர். அந்தத் திறமை இல்லாதவர் இன்னொருவரிடம் எழுதி வாங்கும்போது பாட்டின் பாதி கை மாறுகிறது.

செலவையும் சொல்ல வேண்டும். நான்கு நரம்புக் கருவிக்காரர்களுக்குச் சம்பளம், பயணம், தங்குமிடம், ஒத்திகை நாட்கள் எல்லாம் சேர்ந்தால் ஊர்க் கமிட்டியால் தாங்க முடியாது, கீபோர்டு பொத்தான் வென்றதற்குக் காரணம் இதுவே. திறந்தவெளியில் பெரிய ஸ்பீக்கர்களுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே வயலினின் மெல்லொலி எடுபடுவதும் கடினம். பொத்தானை அழுத்துகிறவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் பாடுகிறவர் மூச்சு வாங்குவதை அந்தப் பொத்தான் கேட்காது.

சேலத்திலோ நாமக்கல்லிலோ சொந்தப் பாட்டு எழுதும் ஒருவர் நரம்பிசை வேண்டும் என்று நினைத்தால், நால்வரைத் தேட வேண்டியதில்லை. கர்நாடக வயலின் கற்ற ஒருவர் போதும், முடிந்தால் கூட ஒரு செல்லோ. ஒத்திகையில் முதலில் மெட்டைச் சொல்லித்தராமல் பாட்டின் வரிகளை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். எந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் வாசிக்கக் கூடாது என்பதை இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளட்டும். மேடையில் டிரம்ஸைக் குறைத்து, வயலின்காரரைப் பாடுகிறவரின் முகம் தெரியும்படி உட்கார வைக்கட்டும். கமிட்டி தருகிற பணத்தில் இது முடியும்.