சட்டத்துக்குள் சிக்கிய கதை

2024-இல் பாரிஸின் பொம்பிடூ மையம் தன் தளங்களைக் காமிக்ஸுக்குத் திறந்துவிட்டதும், இந்தக் கலைக்கு இனி வேறென்ன அங்கீகாரம் வேண்டும் என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. அந்தப் பேச்சோடு எனக்கு நெடுநாள் பிணக்கு உண்டு. 2010-இல் கார்த்தியே அறக்கட்டளை காமிக்ஸ் ஓவியர் மோபியஸுக்கு நடத்திய பெரிய கண்காட்சியின் போதே தொடங்கியது அது.

மூலப் பக்கங்களை நேரில் பார்ப்பதில் லாபம் இருக்கிறது. அச்சில் கரைந்துபோகும் மெல்லிய கோடுகளும் வெள்ளை பூசித் திருத்திய இடங்களும் தெரியும். ஓவியம் பயில்கிறவர்களுக்கு அது நல்ல பாடம். அவ்வளவுதான்.

மோபியஸ் என்கிற ழான் ஜிரோவுக்குள் இரண்டு கலைஞர்கள் இருந்தார்கள். 1963 முதல் ஷார்லியே எழுதிய ப்ளூபெர்ரி கதைகளை வரைந்து ‘ஜிர்’ என்று கையெழுத்திட்டவர் ஒருவர்; ப்ளூபெர்ரி தமிழில் கேப்டன் டைகரானதால், நமக்கு அவர் அந்தக் கதைகள் வழியாகப் பழக்கம். 1975-இல் வசனமே இல்லாத ‘ஆர்ஸாக்’கைத் தந்தவர் மற்றவர். அருங்காட்சியகங்களின் மனம் எப்போதும் இரண்டாமவரிடம்தான். கார்த்தியேயும் உருமாற்றம் என்பதையே கண்காட்சியின் மையப்பொருளாக எடுத்துக்கொண்டது. ஆர்ஸாக்கின் வண்ணம் மூலத்தாளிலேயே இருக்கிறது. சட்டம் போட்டால் ஓவியமாகிவிடும். ப்ளூபெர்ரியின் மூலத்தாளில் இருப்பதோ கறுப்பு மை மட்டும். வண்ணம் வேறொரு தாளில் தீட்டப்பட்டு அச்சில்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பக்கம் முழுமையடைவது புத்தகத்தில்.

ப்ளூபெர்ரி கதையான ‘தங்கக் கல்லறை’யைப் படித்தவர்களுக்கு இது தெரியும். பாலைவன மலைகளில் தங்கத் தோட்டாக்களால் சுடுகிறவன் யார் என்று தெரியாமலே பக்கம் பக்கமாகப் போகிறோம். பிலோத் வார இதழில் தொடர்களாக வந்த கதைகள் இவை. பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வாசகனைத் தவிக்கவிட்டு அடுத்த பக்கத்துக்கு இழுப்பதில் ஷார்லியே கைதேர்ந்தவர். அதில் ஒரு தாளை உருவி மாட்டினால் மிஞ்சுவது பாறையும் குதிரையும்தான். பலூன்களில் நெருக்கியடித்து நிற்கும் வசனத்தை யார் நின்று படிப்பார்கள்? கோடுகளை மெச்சிவிட்டு அடுத்த சட்டத்துக்கு நகர்வார்கள். படிக்கப்படாத காமிக்ஸைக் காட்டிவிட்டு அதைக் காமிக்ஸுக்குச் செய்த மரியாதை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த முறையில் அடியோடு காணாமல் போகிறவர் ஷார்லியே. மாட்டுவதற்கு அவரிடம் படம் இல்லை. 1989-இல் அவர் இறந்தபின், ‘மிஸ்டர் ப்ளூபெர்ரி’ முதலான ஆல்பங்களை ஜிரோவே எழுதி வரைந்தார். கோடு துளியும் தளரவில்லை, கதை தளர்ந்தது. பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அருகருகே மாட்டிப் பாருங்கள், பின்னதே மேல் என்று கண் சொல்லும். புத்தகமாகப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஒரே ஒரு ஆல்பத்தையாவது முதல் பக்கம் தொட்டுக் கடைசிப் பக்கம்வரை, ஷார்லியேயின் எழுத்துப்படியையும் பக்கத்தில் வைத்து, உட்கார்ந்து படிக்க நாற்காலி போட்டுக் காட்டட்டும். அதற்கு இடம் போதவில்லை என்றால் சுவரிலிருக்கும் சட்டங்களில் பாதியைக் கழற்றலாம்.