மைனருக்கு எந்த இன்ஜின்?

மோரிஸ் மைனரின் பானட்டைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உடனே புரியும்: இவ்வளவு சின்னக் காருக்குள் இவ்வளவு தாராளமான இடமா! நடுவில் ஒல்லியாக ஒரு நாலு சிலிண்டர் இன்ஜின். இரண்டு பக்கமும் கையை முழங்கை வரை விட்டு ஸ்பானர் சுற்றலாம்.

காரணம் உண்டு. அலெக் இஸிகோனிஸ் இந்தக் காரை வரைந்தபோது, சிலிண்டர்கள் இருபுறமும் படுத்துக் கிடக்கும் அகலமான ஃபிளாட்-ஃபோர் இன்ஜினைத்தான் நினைத்திருந்தார். அது கடைசிவரை வரவே இல்லை. 1948இல் பழைய 918 சிசி சைடு-வால்வு இன்ஜினோடு கார் விற்பனைக்கு வந்தது. (அதற்குச் சற்று முன்பு, அகலம் போதவில்லை என்று முன்மாதிரியை நெடுக அறுத்து 4 அங்குலம் விலக்கிப் பார்த்தார் அவர். பானட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் தடம்.) இன்ஜின் மாற்ற நினைப்பவர்களுக்கு இந்த இடம் பெரிய வரம். கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே திணிக்கும் ஆசையைக் கிளப்புவதும் இதே இடம்தான்.

ஆசைப்பட்டவர்கள் திணித்தும் இருக்கிறார்கள். பிரிட்டனில் ஃபியட் ட்வின்-கேம், ஃபோர்டு ஸெடெக். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் டட்சன் 1200. அந்த வெல்டிங் வேலைகளில் சில, கையெடுத்துக் கும்பிடத் தக்கவை. ஆனால் என் ரசனைக்கு மைனரில் ஒரே ஒரு மாற்றம்தான் முழுமையானது: எம்.ஜி. மிட்ஜெட்டின் 1275 சிசி இன்ஜின்.

மைனர் தன் ஆயுளில் பெரும்பகுதி ஓடியது ஏ-சீரிஸ் இன்ஜினில். 1952இல் 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098. 1275ம் அதே வம்சம்தான். இதன் பிளாக்கைத் தனியே மேஜையில் வைத்து மேலிருந்து பார்க்க வேண்டும். ஏறக்குறைய அதே நீளத்துக்குள் 70.6 மில்லிமீட்டர் துளைகள் நான்கு. 1098இல் அது 64.6தான். இடம் எங்கிருந்து வந்தது? சிலிண்டர்களின் இடத்தைச் சற்று மாற்றி, நடுவே ஒல்லியான இரும்புச் சுவர் மட்டும் மிஞ்சும்படி நெருக்கிவிட்டார்கள். அந்தச் சுவரில் விரல் வைத்துப் பார்த்தால், இதைத் துணிந்து வரைந்தவர்மேல் மரியாதை வரும். ஹெட்டில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து உள்வாங்கும் துவாரம் இரண்டே இரண்டு. இத்தனை சிக்கனத்திலும் 1098இன் 48 குதிரைத்திறன் மிட்ஜெட்டின் 1275இல் 65 ஆகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, மேட்டில் கியர் குறைக்காமலே ஏறும் அந்த இழுவை.

திட்டம் போடுவதன் சுவை இதற்குப் பிறகுதான் ஆரம்பம். இன்ஜினைக் கூட்டினால் பின்னால் உள்ள ஒவ்வொன்றும் கேள்வி கேட்கும். 948இன் கியர்பாக்ஸ் இந்த இழுவையை நெடுநாள் தாங்காது. வெளிக்கூட்டில் வரிவரியாகப் புடைப்பு உள்ள 1098இன் பாக்ஸ் தாங்கும். அடுத்தது டிஃபரன்ஷியல். 1098 மைனரில் 4.22:1. அதாவது டாப் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 சுற்று சுற்றும். ரைலி 1.5இன் 3.73 பற்களை மாற்றினால் 3,500 பக்கம் இறங்கிவிடும். காதுக்குத் தெரியும் வித்தியாசம் இது. ஃபோர்டின் ஐந்து கியர் பாக்ஸைப் போடுகிறவர்களும் உண்டு. அதற்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தை வெட்ட வேண்டும். நான் வெட்ட மாட்டேன்.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. 1098 வந்தபோதே கம்பெனி முன்சக்கர டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 ஆக்கியது. 1275க்கு டிஸ்க்தான் சரி. மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் கால்மாட்டில், தரைக்கு அடியில் சேஸிஸுக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்டை உருவ விடாமல் டார்ஷன் பார் வழிமறிக்கும். ஆகவே அந்த வேலையை இன்ஜின் வெளியே இருக்கும்போதே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் வைப்பவர்கள், இந்தக் காரில் பாடியோடு சேர்வது பாஸிட்டிவ் முனை என்பதை முதல் வரியில் எழுதி வைக்கட்டும்.

சாமான் கிடைக்குமா என்ற கவலை மைனர்காரர்களுக்குக் குறைவு. இதன் உதிரிபாகங்களை இலங்கையில் செய்து பிரிட்டனுக்கே அனுப்பிய காலமும் உண்டு.

நல்ல மாற்றத்தைப் பார்த்ததும் கண்டுபிடிக்க முடியக் கூடாது. அதே பச்சை வண்ணம், அதே எஸ்.யு. கார்புரேட்டர், பழைய இடத்திலேயே ரேடியேட்டர். இன்ஜின் எண் மட்டும் உண்மையைச் சொல்லும். அந்த எண்ணைப் பதிவுப் புத்தகத்திலும் முறைப்படி மாற்றியிருக்க வேண்டும். இறக்கிய இன்ஜினைக் காயலான் கடைக்குப் போடுவது எனக்கு ஒப்பாது. தண்ணீரை வடித்து, பிளக் துவாரங்களில் எண்ணெய் ஊற்றி, பலகைமேல் ஏற்றி மூடி வைக்கலாம். கார் கைமாறும் நாளில் அதுவும் கூடவே போகட்டும்.