7 சி 14 பி: ஒரு டிராக்டரின் ஜாதகம்

பழைய டிராக்டரைக் கண்டால் மற்றவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், சீட்டில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் தரையில் மண்டியிட்டு ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் டார்ச் அடிப்பேன். வேட்டி சட்டையோ கோட்டு சூட்டோ, கவலையே கிடையாது. விஷயம் அங்கேதானே இருக்கிறது!

1960-களின் நடுவில் வந்த ஃபோர்டு 2000, 3000, 4000, 5000 வரிசைதான் எனக்குப் பிடித்த பைத்தியம். நான் இருக்கும் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், பேசில்டனில், ஃபோர்டு 1964-ல் டிராக்டர் ஆலை திறந்தது. அமெரிக்காவில் ஹைலண்ட் பார்க், பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் ஆலைகளும் இதே குடும்ப வண்டிகளைச் செய்தன. எது எங்கே பிறந்தது என்று குழம்பவே வேண்டாம். வண்டி எண் ‘ஏ’ என்று தொடங்கினால் ஆண்ட்வெர்ப், ‘பி’ என்றால் பேசில்டன், ‘சி’ என்றால் ஹைலண்ட் பார்க். ஒரே எழுத்தில் சொந்த ஊர் தெரிந்துவிடுகிறது!

அதைவிடச் சுகமானது தேதிக் குறியீடு. நான் டார்ச் அடிக்கும் அந்த ஸ்டார்ட்டர் பக்கத்தில் ‘7 சி 14 பி’ என்று பொறித்திருக்கிறது என்று வையுங்கள். 7 என்பது ஆண்டின் கடைசி இலக்கம், அதாவது 1967. ‘சி’ மூன்றாம் எழுத்து, எனவே மார்ச். 14 தேதி. கடைசி ‘பி’ பகல் ஷிஃப்ட். ‘ஏ’ நள்ளிரவு ஷிஃப்ட், ‘சி’ பிற்பகல் ஷிஃப்ட். காலண்டரைப் புரட்டினால் அது செவ்வாய்க்கிழமை என்றுகூடத் தெரிகிறது. எந்த நாள், எந்த ஷிஃப்ட் என்பது வரை சொல்லும் ஜாதகம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? மாத எழுத்துகளில் ஒரு குறும்பு உண்டு: ‘ஐ’ கிடையாது. 1 என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் அதைத் தாண்டிவிட்டார்கள். அதனால் செப்டம்பருக்கு ‘ஜே’, டிசம்பருக்கு ‘எம்’.

சரி, தனியாகக் கிடக்கும் ஓர் எஞ்சினில் 7 என்று இருந்தால் அது 1967-ஆ, 1977-ஆ? இந்த இடத்தில்தான் வார்ப்பு எண் கைகொடுக்கிறது. தேதிக் குறியீடு எஃகு அச்சால் குத்திய பள்ளம். வார்ப்பு எண்ணோ இரும்பை ஊற்றும் வார்ப்பு அச்சிலேயே உருவாகி இரும்பிலிருந்து புடைத்து நிற்கும். ‘சி5என்இ-6015’ என்றால், ‘சி’ 1960-கள், 5 சேர்த்தால் 1965, ‘என்’ டிராக்டர், ‘இ’ எஞ்சின், 6015 எஞ்சின் பிளாக். ‘டி’ என்றால் 1970-கள், அடுத்த பத்துக்கு ‘இ’. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அது அந்தப் பாகத்தை வடிவமைத்த ஆண்டு, வார்த்த ஆண்டு அல்ல. 1965 வடிவம் பல வருடம் கழித்தும் வார்க்கப்பட்டிருக்கலாம். வார்த்த நாளை அறிய, பக்கத்தில் புடைத்திருக்கும் சிறிய தேதியைத் தேட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மோதவிடுவதில்தான் உச்சகட்ட இன்பம்! பாகம் முதலில் வார்க்கப்பட வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற வேண்டும். “1968 வண்டி, கை வைக்காதது” என்று பெருமையாகச் சொன்னார் ஒருவர். பளபளவென்று நீல பெயின்ட். சிலிண்டர் ஹெட்டைத் துடைத்தால் வார்ப்பு எண் ‘டி’ என்று தொடங்குகிறது! நான் காட்டியதும் மனிதர் கோபப்படவில்லை, சிரித்துவிட்டார். ஏதோ ஒரு குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து ஹெட் வெடித்துப்போனதாக அவருடைய அப்பா சொல்வாராம். நாற்பது வருடக் குடும்பக் கதைக்கு இரும்பு சாட்சி சொன்னது. பெயின்ட் ஆயிரம் பொய் சொல்லும், வார்ப்பு சொல்லாது.

ஆசை வந்துவிட்டதா? பெரிய கருவி எதுவும் வேண்டாம். டீசலில் நனைத்த துணி, மென்மையான பிரஷ், ஒரு சாக்பீஸ், ஒரு டார்ச். கிரைண்டரை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். குத்திய எண் ஆழம் குறைவு, ஒரே இழுப்பில் போய்விடும். பல வருட கிரீஸைப் பொறுமையாகத் துடைத்து, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது. பிறகு ஓர் இலக்கம், அடுத்து ஓர் எழுத்து. அப்போது வரும் சிலிர்ப்பு இருக்கிறதே, அடடா!

எனக்கு ஒரு கனவு எண் உண்டு: 9 ஜி 21. 1969 ஜூலை 21, திங்கட்கிழமை. இங்கிலாந்துக் கணக்கில் அன்று விடியற்காலைதான் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். இரவெல்லாம் டிவி முன்னால் விழித்திருந்து, தூக்கக் கலக்கத்தோடு வேலைக்கு வந்தவர் யாரோ கோத்த வண்டி ஒன்று எங்கேயாவது கொட்டகையில் நிற்காமலா போகும்? உங்கள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். விலைக்குத் தரவேண்டாம்; டார்ச்சோடு வருகிறேன், அந்த எண்ணைக் காட்டினால் போதும்!