அளந்தது பேச்சையா, ஞாபகத்தையா?

பிடி3 தேர்வு 2022-இல் ரத்தானது. தேர்வுப் புத்தி நம்மை விட்டுப் போய்விட்டதா, சொல்லுங்கள்? வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை இருக்கிறது. ஆனால், பேச்சுத்திறனுக்கு நாம் கேட்பது என்னவோ மனனம் செய்த உரையைத்தான்.

நானும் அப்படித்தான் கேட்டேன். உரையை மறந்து நின்ற மாணவனுக்கு 2 போட்டேன். மறுநாள், பாரிட் புந்தாரில் ஒரு ரொட்டி சானாய் கடை. மீதிக் காசு குறைகிறதென்று கடைக்கார அண்ணனிடம் பணிவாகக் கணக்குச் சொல்லி வாங்கிவிட்டான் அதே பையன்! நான் அளந்தது அவன் ஞாபகத்தை, மொழியை அல்ல.

இப்போது உரை கேட்பதில்லை, சூழலைக் கொடுக்கிறேன்: குறையைச் சொல், காரணம் காட்டு, தீர்வு கேள். எதைப் பார்த்து மதிப்பிடுவேன் என்பதையும் முன்கூட்டியே வெண்பலகையில் எழுதிவிடுகிறேன். ஒரு பாடவேளை நீங்களும் செய்து பாருங்களேன்.